மார்க் குறைஞ்சவர் எழுதிய சமன்பாடு

ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரியில் k = Ae^(-Ea/RT) என்று ஒரு சமன்பாடு வரும். எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி மனப்பாடம் பண்ணி, மறுநாள் மறந்தும் போயிருப்போம். அதுக்குப் பின்னாடி இருக்கிறவர், படிப்பில் அவமானப்பட்டு நின்ற ஒருத்தர்.

ஸ்வாந்தே அர்ஹீனியஸ் 1859-ல் ஸ்வீடனில், உப்சாலா நகரத்துக்குப் பக்கத்தில் பிறந்தார். அப்பா நில அளவையாளர். மூணு வயசிலேயே யாரும் சொல்லித்தராமல் படிக்கக் கத்துக்கிட்ட பையன், கணக்கிலும் கெட்டி. ஆனால் உப்சாலா பல்கலைக்கழகத்தின் பாடம் அவருக்கு நிறைவு தரவில்லை. 1881-ல் ஸ்டாக்ஹோமுக்குப் போய், உப்புக் கரைசல்கள் வழியே மின்சாரம் எப்படிப் பாயுது என்று ஆராய ஆரம்பித்தார்.

1884-ல் ஆய்வேட்டைக் கொடுத்தார். உப்பு தண்ணீரில் கரையும்போது மின்னூட்டம் கொண்ட துகள்களாகப் பிரிகிறது என்ற கோட்பாட்டின் விதை அதில்தான் இருந்தது. பேராசிரியர்களுக்கு அது பிடிபடவே இல்லை. ஃபெயில் ஆக்கவில்லை, அவ்வளவுதான். கொடுத்தது மிகக் குறைந்த தரம். அந்தத் தரத்தோடு அங்கே ஆசிரியர் வேலை கிடைப்பது கஷ்டம்.

அவர் சும்மா உட்காரவில்லை. ஆய்வேட்டை வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்கு அனுப்பினார். ரீகாவில் இருந்த ஆஸ்ட்வால்ட் அதைப் படித்துவிட்டு, அதே வருஷம் உப்சாலாவுக்கே நேரில் வந்து வேலைக்குக் கூப்பிட்டார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாததால் அர்ஹீனியஸ் உடனே கிளம்பவில்லை. அடுத்த வருஷம் அப்பா இறந்தார். அதன்பிறகு உதவித்தொகை கிடைத்து, ஆஸ்ட்வால்ட், போல்ட்ஸ்மான், வான்ட் ஹாஃப் என்று பெரியவர்களின் ஆய்வகங்களில் சில வருஷம் வேலை பார்த்தார்.

1889-ல் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி நம்ம சமையலறைக் கேள்விதான். வெளியே வைத்த பால் சீக்கிரம் கெடுது, ஃப்ரிட்ஜில் வைத்தால் தாங்குது. வெப்பநிலை வினையை ஏன் இவ்வளவு மாத்துது? அவர் பார்த்தது கரும்புச் சர்க்கரையை அமிலம் உடைக்கும் வினை.

மூலக்கூறுகள் வேகமா ஓடி, அடிக்கடி மோதுது என்று சொன்னால் கணக்கு உதைக்கும். 25 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போனால் மூலக்கூறுகளின் சராசரி வேகம் 2 சதவீதம்கூடக் கூடாது. ஆனால் பல வினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகுது!

அர்ஹீனியஸ் கொடுத்த விடை: எல்லா மூலக்கூறும் வினைபுரியத் தயாராக இல்லை. ஒரு குறிப்பிட்ட அளவு ஆற்றலை எட்டிய சில மட்டும்தான் தயார். அந்த அளவைத்தான் கிளர்வுறு ஆற்றல் என்கிறோம். அது மோலுக்கு 50 கிலோஜூல் என்று வைத்துப் போட்டுப் பாருங்க: 25 டிகிரியில் நூறு கோடி மோதலில் ரெண்டுகூடத் தேறாது. 35 டிகிரியில் மூணைத் தாண்டிவிடும். வெப்பம் பெரிதும் கூட்டுவது மோதல்களை அல்ல, தயாராக இருப்பவர்களின் எண்ணிக்கையை.

சமன்பாட்டின் வடிவத்தை வான்ட் ஹாஃப் முன்னமே தொட்டிருந்தார். அதுக்கு இந்த அர்த்தம் கொடுத்தவர் அர்ஹீனியஸ். மற்ற காரணிகளையும் இதோடு சேர்த்துப் பார்த்தால் பாடம் தெளிவாகிடும். செறிவைக் கூட்டினால் மோதல் கூடும். பொருளைப் பொடியாக்கினால் மோத இடம் கூடும். வினையூக்கி சேர்த்தால் தாண்ட வேண்டிய மேடே குறைந்த வேறு வழி கிடைக்கும். அந்தச் சர்க்கரை வினையில் அமிலம் செய்தது இதைத்தான்.

மதிப்பில்லாமல் போன அந்த ஆய்வேட்டின் கருத்தை 1887-ல் முழுக் கோட்பாடாக வளர்த்திருந்தார். அதற்காக 1903-ல் வேதியியல் நோபல் பரிசு வந்தது. அதை வாங்கிய முதல் ஸ்வீடன்காரர் அவர்தான். 1927-ல் இறந்தார்.

அடுத்த தடவை லேபில் ln k-க்கும் 1/T-க்கும் கிராஃப் போடும்போது, அந்த நேர்கோட்டின் சாய்வை ஒரு நிமிஷம் பாருங்க. மூலக்கூறுகள் தாண்ட வேண்டிய மேட்டின் உயரம் அதில்தான் இருக்கு. அதை அளக்கச் சொல்லிக்கொடுத்தவரின் மார்க் ஷீட்டை இன்னைக்கு யாரும் கேட்பதில்லை.