புதைகுழியும் பொற்காசும்

புதைகுழியில் நாணயம் ஒன்று கிடைத்தால், அந்நாணயத்தின் ஆண்டே புதைகுழியின் ஆண்டு என்று சென்ற தேர்வில் துணிந்து எழுதியவன் நான். ஆசிரியர் அவ்வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, அருகில் ஒரு பெயரை மட்டும் எழுதியிருந்தார். பெரென்ஸ் புல்ஸ்கி என்பது அப்பெயர். யார் இவர் என்று நூலகத்தில் தேடப் புகுந்தேன். அங்கே நான் கண்ட வாழ்க்கை, இழந்த மதிப்பெண்ணைவிடப் பன்மடங்கு பெரிது. அதனை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறேன்.

புல்ஸ்கி 1814-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 17-ஆம் நாள் அங்கேரி நாட்டு எப்பெரியெஷ் நகரில் பிறந்தார். அந்நகர் இன்று சுலோவாக்கியாவில் பிரெஷோவ் என்னும் பெயருடன் விளங்குகிறது. அவர் படித்தது சட்டம். ஆனால் அவர் கண்ணைப் பழக்கியது தாய்மாமன் காபோர் பெயேர்வாரியின் இல்லம். தந்தச் சிற்பங்கள், பழம்பொருள்கள் எனப் பலவற்றையும் தேடித் தேடிச் சேர்த்தவர் அம்மாமன். ஒரு பொருளின் வேலைப்பாட்டைக் கண்டே அதன் காலத்தை உணரும் பயிற்சி புல்ஸ்கிக்கு அங்கேதான் வாய்த்தது.

1848-இல் அங்கேரியில் விடுதலைப் புரட்சி வெடித்தது. தலைவர் கொசூத்தின் நண்பரான புல்ஸ்கி புதிய அரசில் பதவி ஏற்றார்; பின்னர் அவ்வரசின் தூதராக இலண்டன் சென்றார். புரட்சி வீழ்ந்தது. 1851, 1852-ஆம் ஆண்டுகளில் கொசூத்துடன் அமெரிக்காவில் பயணம் செய்தார். 1852-இல் ஆஸ்திரிய அரசு அவருக்கு மரண தண்டனை விதித்தது. ஊர் திரும்ப வழியில்லை. மாமன் விட்டுச்சென்ற சேர்க்கை அவர் கைக்கு வந்தபோது, அதைக் காத்து வைக்கும் நிலையில் அவர் இல்லை. 1855-இல் தந்தச் சிற்பங்களை லிவர்பூல் நகரப் பொற்கொல்லர் ஜோசப் மேயருக்கு விற்றார். மாமன் சேர்த்த பழைய மெக்சிகோ ஓவியச் சுவடி ஒன்றும் இன்று அந்நகரிலேதான் இருக்கிறது.

இத்தாலி சென்ற புல்ஸ்கி 1862-இல் கரிபால்டியின் படையெடுப்பில் கலந்து சிறைப்பட்டார். 1866-இல் மன்னிப்புப் பெற்றுத் தாயகம் திரும்பினார். அதே ஆண்டில் மனைவி தெரேசாவையும் மகள் ஒருத்தியையும் காலரா கொண்டு சென்றது. பிறந்த ஊரை விட்டுத் தொலைவில் வந்து படிக்கும் நமக்கு, இதனைப் படிக்கும்போது நெஞ்சம் கனக்காமல் இராது.

1869-இல் அங்கேரியத் தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநரானார். குனாகோட்டா, சென்டென்ட்ரே, ஓசோரா ஆகிய இடங்களின் புதைகுழிப் பொருள்கள் அவர் முன் வந்தன. வாள், அங்கவடி, அரைக்கச்சையில் பதித்த பொன் தகடுகள், அவற்றோடு பைசாந்தியப் பொற்காசுகள். இவை யாருடையவை? அவார் என்னும் குதிரைவீரர் 567, 568-ஆம் ஆண்டுகளில் அச்சமவெளியில் குடியேறியவர். பைசாந்தியப் பேரரசு அவர்களுக்கு ஆண்டுதோறும் 80,000 பொற்காசு திறை தந்தது. 598-இல் அது 1,20,000 ஆயிற்று. ஆனால் தம் வரலாற்றை அவர்கள் எழுதி வைக்கவில்லை. இவை அவார்களுடைய பொருள்களே என்று 1874-இல் காட்டியவர் புல்ஸ்கி.

என் பிழை எது என்பது எனக்கு இங்கேதான் விளங்கியது. குனாகோட்டா நாணயம் பேரரசர் ஜஸ்டினியனுடையது. அவர் ஆண்டது 527 முதல் 565 வரை. அப்போது அவார்கள் அங்கே வரவே இல்லை! நாணயம் பல கை மாறிய பிறகே புதைகுழியைச் சேர்ந்திருக்கிறது. சென்டென்ட்ரே நாணயம் போக்காஸ் காலத்தது, 602 முதல் 610 வரை. ஓசோரா நாணயம் நான்காம் கான்ஸ்டன்டைன் காலத்தது, 668 முதல் 685 வரை. தனக்கு முன்னர் அக்குழி தோண்டப்படவில்லை என்று மட்டுமே நாணயம் சொல்லும். எவ்வளவு பின்னர் என்று சொல்லாது. அதனை அணிகளின் வேலைப்பாட்டை ஒப்பிட்டுத்தான் அறிய வேண்டும். அதே வேலைப்பாடு நாணயமில்லாத குழியிலும் கிடைத்தால், அக்குழியின் காலமும் ஓரளவு துலங்கும்.

ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் பொற்காசு வரத்து நின்றது. அதன்பின் வந்த புதைகுழிகளில் கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட விலங்கும் கொடிச்சுருளும் அமைந்த வெண்கல வார்ப்பு அணிகள் கிடைத்தன. புல்ஸ்கியின் மருமகனும் பேரறிஞருமான யோசெப் ஹம்பெல் அவற்றை அவார்களுக்கு முந்திய சர்மாத்தியர் பொருள்கள் என்று கொண்டார். அவையும் அவார்களுடையனவே என்று 1926-இல் ஆந்திராஷ் அல்பெல்டி நிறுவினார். பேரறிஞரும் வழுக்கும் இடம் அது என்றறிந்தபோது என் மனம் சற்றே ஆறியது.

1894 வரை அருங்காட்சியகப் பணியில் இருந்த புல்ஸ்கி, 1897 செப்டம்பர் 9-ஆம் நாள் மறைந்தார். நாடு கடந்து வாழ்ந்த நாளில் மாமனின் செல்வம் அவர் கையை விட்டுப் போயிற்று. அச்செல்வத்தின் நடுவே பெற்ற பார்வை மட்டும் போகவில்லை. பெயரறியாப் புதைகுழிகளுக்கு உரியவர் யார் என்று காட்டியது அப்பார்வையே. அடுத்த தேர்வில் அந்த வினாவுக்கு நான் பிழையின்றி விடை எழுதுவேன்.