கலிலியோவும் உருளும் குண்டும்

தாடிக்கொம்பிலிருந்து திண்டுக்கல் நோக்கி மாட்டு வண்டியொன்று செல்கிறது எனக் கொள்வோம். மாடுகள் இழுக்குமளவும் அது ஓடும். அவை நின்றால் வண்டியும் நின்றுவிடும். ஆகவே, இழுப்பாரோ தள்ளுவாரோ இன்றி எப்பொருளும் தொடர்ந்து இயங்காது என நாம் எண்ணுதல் இயல்பே. கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டிலும் அவ்வாறே எண்ணினார். அக்கொள்கையைச் சோதனையால் அசைத்தவர் கலிலியோ ஆவார்.

இவர் இத்தாலி நாட்டுப் பைசா நகரில் 1564ஆம் ஆண்டு பிறந்தார். இசைவாணராகிய தந்தையார் மகனை மருத்துவம் பயில அனுப்பினார். மகனின் உள்ளமோ கணிதத்தையே நாடியது. 1592 முதல் 18 ஆண்டுகள் பதுவா நகரில் கணிதப் பேராசிரியராக விளங்கினார்.

பைசாவின் சாய்ந்த கோபுரத்தினின்று அவர் குண்டுகளைப் போட்ட கதையை யாவரும் அறிவர். அது நிகழ்ந்ததோ என்பது ஐயத்திற்குரியது. அதனினும் போற்றத்தக்கது அவருடைய சாய்பலகைச் சோதனையே. ஏறத்தாழ 7 மீட்டர் நீளமுள்ள மரச்சட்டத்தில் விரலகலக் காடி வெட்டி, அதனுள் வழவழப்பான தோலை ஒட்டினார். சட்டத்தின் ஒரு முனையை உயர்த்தி, வெண்கலக் குண்டை உருட்டிவிட்டார். நொடியைத் திருத்தமாகக் காட்டும் கடிகாரம் அந்நாளில் இல்லை. எனவே, பெரிய கலமொன்றிலிருந்து நுண்குழாய் வழியே ஒழுகிய நீரைக் கோப்பையில் பிடித்து, அதனை நிறுத்துக் காலத்தைக் கணித்தார். காலம் இருமடங்காயின், குண்டு கடந்த தொலைவு நான்கு மடங்காயிற்று. ஒருமுறை கண்டு அவர் அமைந்தாரல்லர். நூறு முறை உருட்டிப் பார்த்தார்.

இறங்கும் குண்டின் வேகம் மிகுகிறது. ஏறும் குண்டின் வேகம் குறைகிறது. அங்ஙனமாயின், ஏற்றமும் இறக்கமும் உராய்வும் இல்லாத தளத்தில் யாது நிகழும்? வேகம் மிகவும் காரணமில்லை, குறையவும் காரணமில்லை. ஆதலின் குண்டு ஓடிக்கொண்டேயிருக்கும் என அவர் துணிந்தார். நம் வண்டி நிற்பதற்குக் காரணம் மாடுகள் இழுக்காமை அன்று. அச்சிலும் சாலையிலும் எழும் உராய்வே!

புவி சுழன்றும் நாம் பின்தங்காமல் இருப்பதற்கும் இதுவே விடையாயிற்று. புவியோடு நாமும் அதே வேகத்தில் செல்கின்றோம் அல்லவா? புவி இயங்குகிறது என்னும் கருத்தை ஆதரித்து அவர் 1632இல் நூல் வெளியிட்டார். மறு ஆண்டே சமய நீதிமன்றம் அவரை உரோமாபுரிக்கு அழைத்து, மண்டியிட்டு அக்கருத்தைக் கைவிடச் செய்தது. எஞ்சிய நாள்களை அவர் பிளாரன்சு நகரருகே தம் இல்லத்திலேயே காவலில் கழித்தார். நூல் வெளியிடவும் தடை இருந்தது.

முதியவர் சோர்ந்திலர். முப்பதாண்டுகளுக்கு முன் செய்த சோதனைகளின் குறிப்புகளை எடுத்து எழுதலானார். அக்கையெழுத்துப்படி நாடு கடந்து ஆலந்து சென்று, 1638இல் லெய்டன் நகரில் அச்சேறியது. அச்சான நூல் தம் கைக்கு வந்தபோது அவரால் அதனைத் தடவித்தான் பார்க்க முடிந்தது. அவர்தம் இரு கண்களும் அதற்கு முன்பே ஒளியிழந்திருந்தன.