நூல்களைத் தேடிச் சென்ற கரம்பொன் மைந்தர்

ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனில் 1913 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2 ஆம் திகதி பிறந்த சேவியர் தனிநாயகம் அடிகளாரை, உலகத் தமிழாராய்ச்சி மாநாடுகளின் மூலவர் என்றே நாம் பெரும்பாலும் நினைவுகூருகின்றோம். சிலைக்கு மாலை அணிவித்து உரையாற்றுவதோடு அந்நினைவும் அடங்கிவிடுகின்றது. மாநாட்டு மேடைகளிலும் பார்க்க, அந்நிய நாட்டு நூலகங்களில் அவர் ஆற்றிய பணியே பெரிது என்பது எமது கருத்தாகும்.

ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் கற்று, உரோமாபுரியில் குருத்துவக் கல்வியை முடித்தவர் அவர். தமிழிலக்கியத்தை முறையாகக் கற்கத் தொடங்கியதோ முப்பது வயதை அண்மித்த காலத்தில், திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்தபோதுதான். 1945 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் புகுந்து, சங்கப் பாடல்களில் இயற்கை பற்றி ஆய்வு செய்தார். 1952 இல் 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார்.

ஐரோப்பிய மொழிகள் பலவற்றை அவர் அறிந்திருந்தமை தமிழுக்கு வாய்த்த பேறு எனலாம். 16 ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த இயேசு சபைத் துறவியரே தமிழ் எழுத்தை முதன்முதலில் அச்சேற்றியவர்கள். அவர்களுள் ஒருவரான அன்றிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578 இல் கொல்லத்தில், தமிழ் எழுத்திலேயே அச்சாயிற்று. அதற்கும் முன்னர், 1554 இல், உரோம எழுத்துகளில் தமிழைக் கொண்ட நூலொன்று லிஸ்பனில் வெளிவந்திருந்தது. தமிழகத்திலோ ஈழத்திலோ கிடைக்காத இந்நூல்கள் லிஸ்பனிலும் வத்திக்கானிலும் அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்திலும் எஞ்சியிருந்தன. சிலவற்றை மேலைநாட்டு அறிஞர் முன்பே அறிந்திருந்தனர் என்பது உண்மையே. எனினும், தமிழுலகம் அவற்றைப் பரவலாக அறியச் செய்ததில் அடிகளாரின் கட்டுரைகளுக்குப் பெரும் பங்குண்டு.

அந்தாம் தெ புரோயன்சா என்ற இயேசு சபைத் துறவி தொகுத்து, 1679 இல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ் - போர்த்துக்கேய அகராதியின் கதையும் இதுவே. வத்திக்கான் நூலகத்திலிருந்த பிரதியை, மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைத் தலைவராக இருந்தபோது, 1966 இல் அவர் மறுபதிப்பாகக் கொணர்ந்தார். கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடந்ததும் அவ்வாண்டில்தான்.

சமயப் பரப்புரைக்காக எழுந்த நூல்கள் மொழியின் வரலாற்றுக்கு ஆவணங்களாயின. அரபு எழுத்தில் அமைந்த அரபுத்தமிழ் நூல்களும் அத்தகையனவே. அவற்றைப் பேணுவது குறித்து எமது முஸ்லிம் வாசகர்கள் கொண்டிருக்கும் கவலை நியாயமானது. அடிகளார் ஆய்வில் ஈடுபட்டிருந்த அதே காலத்தில் ம. மு. உவைஸ், முஸ்லிம்களின் தமிழ்ப்பணியை ஆராய்ந்து நூலாக்கியமையும் இங்கு குறிப்பிடத்தக்கது.

1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்த நான்காவது மாநாடு, இறுதி நாளில் உயிரிழப்புகளுடன் முடிந்ததை அடிகளார் காண நேர்ந்தது. 1980 செப்டெம்பர் 1 ஆம் திகதி அவர் காலமானார். ஒன்பது மாதங்கள் கழித்து, 1981 ஜூன் முதலாந் திகதி, யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடனும் கிடைத்தற்கரிய ஏட்டுச்சுவடிகளுடனும் எரிந்து சாம்பலாகிக் கிடந்தது.