கலாயோகி ஆனந்த குமாரசுவாமியும் தோரியனைற்றும்

கலாயோகி ஆனந்த குமாரசுவாமியைக் கலை விமர்சகராக நாம் அறிவோம். ஆனால், அவர் முதலிற் கற்றதும் தொழிலாகக் கொண்டதும் புவிச்சரிதவியலே. இலங்கை மண்ணிலிருந்து புதிய கனியமொன்று உலகுக்கு அறிமுகமாக அவர் காரணமாயிருந்தார்.

பிறப்பும் கல்வியும்

இவர் 1877 ஆகஸ்ட் 22 இல் கொழும்பிற் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக் குமாரசுவாமி. பொன்னம்பலம் இராமநாதன், பொன்னம்பலம் அருணாசலம் ஆகியோரின் தாய்மாமன். தாயார் எலிசபெத் கிளே பீபி என்னும் ஆங்கிலப் பெண்மணி. ஆனந்தருக்கு இரண்டு வயது நிறையும் முன்னரே, 1879 இல், தந்தையார் காலமானார். தாயாரின் பராமரிப்பில் இங்கிலாந்தில் வளர்ந்த அவர், விக்ளிஃப் கல்லூரியிற் பயின்றபின், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்று 1900 இல் பட்டம் பெற்றார்.

கனிய ஆய்வு

1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிய ஆய்வுத் திணைக்களத்தின் பணிப்பாளராகக் கடமையாற்றினார். சபரகமுவ மாகாணத்தில் பலாங்கொடையை அண்டிய இரத்தினக்கற் படிவுகளிற் கிடைத்த கரிய, பாரமான சிறு கற்கள் அவரது ஆய்வுக்கு உட்பட்டன. 1904 இல் அவற்றை யுரேனினைற்று என்னும் யுரேனியக் கனியமாகவே அவர் விபரித்தார். இரண்டு கனியங்களும் கனவுருப் பளிங்குகள். இரண்டும் கரியவை, மிக அடர்த்தியானவை, கதிர்த்தொழிற்பாடுடையவை. ஆகவே, தோற்றத்தைக் கொண்டு மட்டும் வேறுபடுத்துவது கடினம். இலண்டனில் விண்டம் டன்ஸ்டன் இரசாயனப் பகுப்பாய்வின் மூலம் இதில் தோரியமே பெருமளவில் உண்டு என அறிந்து, இதனைப் புதிய கனியமாக இனங்கண்டு தோரியனைற்று எனப் பெயரிட்டார். அவதானமும் பகுப்பாய்வும் ஒன்றையொன்று நிறைவு செய்தமைக்கு இது சிறந்த உதாரணம்.

தோரியனைற்றின் இயல்புகள்

1. இது தோரியம் ஈரொட்சைட்டு ஆகும். யுரேனியம், சீரியம் முதலிய மூலகங்களின் ஒட்சைட்டுகளும் கலந்திருக்கும்.
2. அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 9 கிராமுக்கும் அதிகம். படிகத்தின் அடர்த்தி 2.65 மட்டுமே. இதனாலேயே ஆற்றுச் சரளையைக் கழுவும்போது இலேசான மணல் அடித்துச் செல்லப்பட, இது அடியில் தங்குகின்றது.
3. மோவின் அளவுத்திட்டத்தில் வன்மை ஏறத்தாழ 6.5 - 7 ஆகும். எனவே பாறைகள் சிதைவடைந்த பின்னரும் இது அழியாது சரளையிற் சேர்கின்றது.
4. தோரியம் 232 இன் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 1400 கோடி ஆண்டுகள். அது தேயும்போது வெளியேறும் அல்பாத் துணிக்கைகள் ஈலியம் கருக்களாகும். ஆகவே இக்கனியத்தினுள் ஈலியம் வாயு சிறைப்பட்டிருக்கும்.

அக்காலத்தில் வாயு விளக்கு மென்டில்கள் செய்யத் தோரியம் தேவைப்பட்டதால் இதற்கு வெளிநாட்டிற் கேள்வி இருந்தது. 1905 இல் இலண்டனில் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ஒட்டோ ஹான், இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பெறப்பட்ட பொருளில் ரேடியோதோரியத்தைக் கண்டறிந்தார். அது தோரியத்தின் சமதானி என்பது பின்னர் தெளிவாயிற்று. 1938 இல் கருப்பிளவைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரும் இந்த ஹானே.

கலையை நோக்கி

கனியங்களைத் தேடிக் கிராமங்கள் தோறும் சென்ற குமாரசுவாமி, பரம்பரைக் கைவினைஞரின் தொழில் நலிந்து போவதையும் கற்றோர் அந்நிய நாகரிகத்தைப் பின்பற்றுவதையும் கண்டு வருந்தினார். கனிய ஆய்வுகளுக்காக இலண்டன் பல்கலைக்கழகம் 1906 இல் கலாநிதிப் பட்டம் வழங்கியது. விஞ்ஞானத்தில் உயர்வு காத்திருந்த அவ்வேளையிலேயே அவர் பதவியை விட்டு நீங்கினார். 1908 இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலையும், 1918 இல் சிவ நடனம் பற்றிய கட்டுரைத் தொகுப்பையும் வெளியிட்டார். 1917 முதல் அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை அரும்பொருளகத்திற் பணியாற்றி, 1947 செப்டெம்பர் 9 இல் காலமானார்.

கல்லை ஆராய்ந்த அதே நுணுக்கத்துடன் கலையையும் ஆராய்ந்தமையே அவரது சிறப்பு.

பயிற்சி

1. தோரியனைற்று ஆற்றுச் சரளையிற் சேர்வதற்கு ஏதுவான இயல்புகள் இரண்டு தருக.
2. தோரியனைற்றில் ஈலியம் காணப்படுவதற்கான காரணத்தை விளக்குக.
3. குமாரசுவாமி கலைத்துறையை நாடியதற்கான காரணங்களைக் குறிப்பிடுக.