கட்டங்களை வெறுமையாக விட்டவர்

இரசாயன ஆய்வுகூடத்துச் சுவரிலே தொங்கும் ஆவர்த்தன அட்டவணையைக் காணாத மாணவர் இலர். யான் மாணவனாயிருந்த காலத்தில் அதனை வாய்பாட்டைப்போல மனனம் செய்தேன். பின்னர் ஆசிரியனாகிப் பல்லாண்டுகள் அதனையே பிறரை மனனம் செய்வித்தேன். யாரோ ஒரு மேதையின் சிந்தையில் அது முழுதாக உதித்து, முழுதாகவே அச்சேறியிருக்கவேண்டும் என்ற எண்ணம் நெடுங்காலம் எனக்கிருந்தது. இன்றைய அட்டவணையில் 118 மூலகங்களும் இடைவெளியின்றி அமர்ந்திருக்கின்றன. 2016ஆம் ஆண்டிற் கடைசியாக நான்கு மூலகங்களுக்குப் பெயர் சூட்டப்பட்டபின் ஏழாம் வரிசையும் நிறைந்துவிட்டது. ஆதலின் அதனை வகுத்தவரின் துணிவு நம் கண்ணுக்கு எளிதிற் புலப்படுவதில்லை. அவர் சில கட்டங்களை வேண்டுமென்றே வெறுமையாக விட்டார்.

திமித்திரி இவானொவிச் மெண்டலீவ் 1834ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆந் திகதி, சைபீரியாவிலுள்ள தொபொல்ஸ்க் நகரிலே, பிள்ளைகள் நிறைந்த வீட்டிற் கடைக்குட்டியாகப் பிறந்தார். தந்தையார் அந்நகரப் பாடசாலையின் அதிபர். மகன் பிறந்த ஆண்டிலேயே அவர் கண்பார்வையை இழந்தார், பதவியும் போயிற்று. தாயார் மரியா, தம் பிறந்தகத்தாருக்குரிய கண்ணாடித் தொழிற்சாலையைத் தாமே ஏற்று நடத்திக் குடும்பத்தைக் காத்தார். 1847இற் கணவர் மறைந்தார். அடுத்த ஆண்டிலே தொழிற்சாலையும் தீக்கிரையாயிற்று. வேறொருவராயின் விதியை நொந்து அங்கேயே அமர்ந்திருப்பர். அம்மையாரோ கடைக்குட்டியையும் ஒரு மகளையும் அழைத்துக்கொண்டு, புகைவண்டி எட்டிப்பாராத அந்நிலத்திலிருந்து இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழியைக் கடந்து மொஸ்கோ நகரை அடைந்தார். அங்குப் பல்கலைக்கழகத்தின் கதவு திறக்கவில்லை. மீண்டும் பயணம், இம்முறை சென் பீற்றர்ஸ்பேர்க். 1850இல், தந்தையார் பயின்ற ஆசிரியர் கல்லூரியிலேயே மகனுக்கு இடங்கிடைத்தது. அவ்வாண்டிலேயே தாயார் கண்மூடினார். பெரும் பேராசிரியராகப் புகழெய்திய பின்னர், 1887இல், கரைசல்களைப் பற்றித் தாம் எழுதிய நூலை மெண்டலீவ் அத்தாயின் நினைவுக்கே உரித்தாக்கினார்.

1855இலே பொற்பதக்கத்துடன் கல்லூரியை விட்டு வெளிவந்தவர், சில காலம் தென்னுருசியாவிற் பாடசாலை ஆசிரியராக இருந்தார். பின்னர் ஜேர்மனியிலே ஹைடல்பேர்க் நகரிற் பயிலச் சென்றார். 1860இல் கால்ஸ்றூவ நகரில் இரசாயன அறிஞர்களின் மகாநாடு ஒன்று கூடிற்று. ஒரே மூலகத்துக்கு ஒருவர் ஓர் அணுநிறையும் மற்றவர் வேறோர் அணுநிறையும் கூறிக்கொண்டிருந்த குழப்பமான காலம் அது. இத்தாலியரான கனிசாரோ அக்குழப்பத்தைத் தீர்க்கும் வழியை அங்கு எடுத்துரைத்தார். இளைஞர் மெண்டலீவும் கேட்டிருந்தார். அளவுகோல் செம்மையுறாமல் வரிசை பிறக்க இயலாதன்றோ?

1867இல் அவர் சென் பீற்றர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்திற் பொது இரசாயனப் பேராசிரியரானார். மாணவர்க்குத் தகுந்த உருசியப் பாடநூல் இல்லாமையால் தாமே எழுதத் தொடங்கினார். முதற் பாகம் முடிந்தபோது ஓர் இக்கட்டு நேர்ந்தது. அப்போது அறியப்பட்டிருந்த மூலகங்கள் 63. முதற் பாகத்தில் விரிவாகச் சொல்லப்பட்டவையோ எட்டே. ஏனைய ஐம்பத்தைந்தையும் இரண்டாம் பாகத்தில் அடக்கவேண்டும். எதன்பின் எதனைச் சொல்வது? பாடக்குறிப்பு எழுதிய எந்த ஆசிரியருக்கும் இவ்விடர் புதிதன்று. விஞ்ஞானத்தின் மாபெரும் விதியொன்று வகுப்பறைத் தேவையிலிருந்து பிறந்தது என்பது எனக்கு அந்தரங்கமானதொரு பெருமையைத் தருகின்றது, வாசகர் பொறுத்தருள்க.

முதற் பாகம் அலசன்களோடு முடிந்தது. இரண்டாவது கார உலோகங்களோடு தொடங்கிற்று. ஒன்றோடொன்று சற்றும் ஒவ்வாத இரு குடும்பங்கள். எனினும் அணுநிறைகளை அருகருகே வைத்து நோக்குமிடத்து ஓர் ஒழுங்கு தோன்றுகின்றது. புளோரின் 19, சோடியம் 23, குளோரின் 35.5, பொற்றாசியம் 39. புரோமின் 80, உருபீடியம் 85. அயடின் 127, சீசியம் 133. ஒவ்வோர் அலசனையும் அடுத்துச் சிறிதே நிறை கூடிய கார உலோகமொன்று நிற்கின்றது. அவ்வாறாயின் மூலகங்கள் அனைத்தையும் நிறையின் ஏறுவரிசையில் நிறுத்தினால், ஏறத்தாழ ஒத்த குணங்கள் குறித்த இடைவெளிகளில் மீண்டும் மீண்டும் வரவேண்டுமே! 1869ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதலாந் திகதி (உருசியப் பழைய பஞ்சாங்கப்படி பெப்ரவரி 17) அவர் பாற்கட்டிப் பண்ணைகளைப் பார்வையிடப் புறப்பட இருந்தார். அதுபற்றி வந்த கடிதத்தின் பின்புறத்திலேயே அணுநிறைகளைக் குறித்து ஒப்புநோக்கத் தொடங்கினார். அன்றே அட்டவணை உருவாயிற்று. கனவிலே கண்டார் என்றொரு கதையும் வழங்குகின்றது. பல்லாண்டு உழைப்பைக் கனவின் கணக்கில் எழுதிவிடுவது நமக்கு எளிது.

மூலகங்களை வரிசைப்படுத்த முயன்றவர் அவர் ஒருவரே அல்லர். இங்கிலாந்தில் நியூலண்ட்சும் ஜேர்மனியில் லோதர் மேயரும் அவ்வழியிற் சென்றவர்களே. மெண்டலீவின் தனித்துவம் யாதெனில், குணம் ஒவ்வாத இடத்திலே மூலகத்தை வலிந்து புகுத்தாமை. அலுமினியத்தின் கீழும் சிலிக்கனின் கீழும் வரத்தக்க மூலகம் எதுவும் அகப்படாதபோது, அவை இன்னுங் கண்டுபிடிக்கப்படவில்லை என்று துணிந்து கூறினார். 1871இலே, காணாத அம்மூலகங்களின் குணங்களையும் விரித்தெழுதினார். பெயரின்றிப் பேசவியலாமையால், எண்ணைக் குறிக்கும் வடமொழிச் சொல்லான ‘ஏக’ என்பதை முன்னொட்டாக்கி ஏக அலுமினியம், ஏக போரன், ஏக சிலிக்கன் என்று அழைத்தார். சைபீரியாவிற் பிறந்தவரின் எழுத்திலே நமக்குப் பழகிய அச்சொல்லைக் காணும்போது ஓர் இனிய வியப்பு உண்டாகின்றது.

1875இல் பிரான்சிலே லெக்கொக் த புவாபோத்ரான் கல்லியம் என்னும் புதிய உலோகத்தைக் கண்டறிந்தார். அதன் அடர்த்தி 4.7 என்று அளந்தார். அவ்வுலோகத்தின் ஒரு துணுக்கையேனும் கண்ணாற் கண்டிராத மெண்டலீவ், அளவு பிழை, 5.9க்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்று அறிவித்தார். உலோகத்தை மேலும் தூய்மையாக்கி அளந்தபோது 5.9 என்றே விடை வந்தது! 1879இல் ஸ்கண்டியம் வந்தது. 1886இல் ஜேர்மானியம் வந்தது. ஏக சிலிக்கனின் அணுநிறை 72 என்று அவர் கூறியிருந்தார். ஜேர்மானியத்துக்கு ஏறத்தாழ அதுவே அமைந்தது.

அவர் தவறே செய்யாதவர் அல்லர். அலசன்களுக்கும் கார உலோகங்களுக்கும் இடையிலே முழுக் குடும்பமொன்று ஒளிந்திருந்ததை அவர் கருதவேயில்லை. 1894இல் ஆகன் வாயு வெளிப்பட்டபோது, அது நைதரசனின் வேறொரு வடிவமாகலாம் என்று ஐயுற்றார். தெலூரியம் அயடினைவிடப் பாரமானது. ஆயினும் குணம் நோக்கி அதனை அயடினுக்கு முன்னரே வைத்தார். வைத்த இடம் சரி. அதற்கு அவர் கூறிய காரணம், தெலூரியத்தின் நிறையைப் பிழையாக அளந்துவிட்டனர் என்பது, சரியன்று. 1913இல் இளைஞர் மோஸ்லி, வரிசையை உண்மையில் ஆள்வது அணுவெண் என்று காட்டியபோதே அப்புதிர் அவிழ்ந்தது.

தாய்நாடு அவரை எப்போதும் போற்றிற்று எனல் இயலாது. 1880இல் விஞ்ஞானக் கழகம் அவரை உறுப்பினராக ஏற்க மறுத்தது. 1890இல் மாணவரின் விண்ணப்பமொன்றைக் கல்வி அமைச்சரிடம் கொண்டுசென்றார். அது திருப்பி அனுப்பப்பட்டது. அவர் பேராசிரியர் பதவியைத் துறந்தார். பின்னர் நிறுத்தல் அளத்தல் திணைக்களத்தின் பொறுப்பை ஏற்று, 1907 பெப்ரவரி 2ஆந் திகதி மறையும்வரை அதிலேயே உழைத்தார்.

1955இல் அமெரிக்காவிலே பேர்க்லி ஆய்வுகூடத்தினர் 101ஆம் மூலகத்தை ஆக்கினர். இரு வல்லரசுகளும் ஒன்றையொன்று ஐயத்துடன் நோக்கிய காலம் அது. எனினும் அவர்கள் அதற்கு மெண்டலீவியம் என்றே பெயரிட்டனர். அவ்வாய்வுகளில் அவர்களுக்குக் கிடைத்தவை மொத்தம் பதினேழு அணுக்கள்.