பட் பவெல்: இடது கையின் இரண்டு சுரங்கள்

பியானோ வாத்தியத்தில் இடது கை செய்யவேண்டிய பணி யாது என்னும் கேள்விக்கு நான் நெடுங்காலம் ஒரே விடையையே வைத்திருந்தேன். வலது கை பாட்டை இசைக்க, இடது கை அதற்குரிய சுரக்கூட்டுகளை ஒரு சுரமும் குறையாது நிறைவாக ஒலிக்கவேண்டும் என்பதே அவ்விடை. மேனாட்டார் ‘கோட்’ என வழங்கும் சுரக்கூட்டு நான்கு சுரங்களால் ஆயதெனின் நான்கையும் தொடுவதே முறை; குறைத்துத் தொடுவது கல்லாதவன் செயல் என்று எண்ணியிருந்தேன். பல ஆண்டுகளுக்கு முன், என்னிடம் பியானோ பயின்ற மாணவன் ஒருவன் இடது கையால் இரண்டிரண்டு சுரங்களை மாத்திரம் தொட்டு வாசித்தபோது, இந்த எண்ணத்தினாலேயே அவனைச் சோம்பேறி என்று மற்றவர் முன்னிலையிற் கடிந்துகொண்டேன். அவன் மறுமொழி கூறவில்லை. அடுத்த கிழமை வகுப்புக்கு வரவுமில்லை. அவன் அவ்வாசிப்பை ஓர் இசைத்தட்டைக் கேட்டுக் கற்றிருந்தான் என்பதையும், அந்த இசைத்தட்டுக்கு உரியவர் பட் பவெல் என்பதையும் பின்னரே அறிந்தேன். பவெலின் வாழ்வை நான் தேடிப் படிக்க நேர்ந்தது இவ்வாறுதான்.

ஏர்ல் றுடோல்ஃப் பவெல் என்பது அவருடைய முழுப்பெயர். 1924 ஆம் ஆண்டு செப்டெம்பர் 27 ஆந் திகதி நியூயோர்க் நகரத்தின் ஹார்லெம் பகுதியிற் பிறந்தார். கறுப்பின மக்கள் பெருந்தொகையாய் வாழ்ந்த ஹார்லெம், அந்நாளில் அவர்தம் எழுத்துக்கும் இசைக்கும் தலைநகராய் விளங்கிற்று. தந்தையார் வில்லியம் பவெல் பியானோ வாசிப்பவர். மூத்த சகோதரர் ட்ரம்பெட் ஊதினார். இளையவராகிய றிச்சியும் பின்னாளிற் பியானோக் கலைஞரானார். ஐந்து வயதளவிலேயே பவெல் ஆசிரியர் ஒருவரிடம் ஐரோப்பிய சாஸ்திரிய இசை பயிலத் தொடங்கினார். பாக் முதலியோரின் ஆக்கங்களை ஆண்டுக்கணக்காய்ப் பயின்ற அப்பயிற்சி அவர் விரல்களில் இறுதிவரை நின்றது. 1957 இல் பாக்கின் பெயரைத் தாங்கிய ஒரு பதிவையும் அவர் செய்தளித்தார்.

தந்தையார் வாசித்த நடைக்கு ‘ஸ்ட்றைட்’ என்று பெயர். அந்நடையில் இடது கைக்கு ஓய்வென்பதே இல்லை. ஓர் அடிக்குக் கீழே ஆழ்ந்த மந்தர சுரம், அடுத்த அடிக்கு அதனின்றுந் தாவி நடுப்பகுதியில் ஒரு முழுச் சுரக்கூட்டு, மீண்டுங் கீழே என இடது கை ஓயாது பாய்ந்துகொண்டிருக்கும். தாளமும் மந்தரமும் சுரக்கூட்டும் ஆகிய மூன்றனையும் ஒரு கையே சுமப்பது அது. ஆர்ட் டேட்டம் என்னும் மேதை இந்நடையை அதன் உச்சத்துக்குக் கொண்டுசென்றவர். கண்பார்வை பெரிதுங் குன்றியவராயினும் அவர் கைகளுக்கு எட்டாதது எதுவுமில்லை என்று இசைஞர்கள் வியந்தனர். இளம் பவெலுக்கும் அவரே இலட்சியம்.

பதினைந்து வயதளவிற் பள்ளியை விட்டு நீங்கிய பவெல், ஹார்லெமின் மின்ரன்ஸ் என்னும் இசைக்கூடத்துக்குச் செல்லலானார். புதிய ஜாஸ் இசையாகிய ‘பீபொப்’ உருவாகிக்கொண்டிருந்த இடம் அது. ஆங்கு பியானோவில் அமர்ந்திருந்த தெலோனியஸ் மங்க், தம்மினும் ஏழு வயது இளைய இச்சிறுவனின் ஆற்றலை முதலிலேயே கண்டுகொண்டார். பின்னாளில் அவன் வருகையைப் பொருளாய்க் கொண்டு ஒரு பாட்டே இயற்றினார். 1943 அளவிற் பவெல் கூட்டி வில்லியம்ஸ் என்பாரின் இசைக்குழுவிற் சேர்ந்தார். வயது நிரம்பாதவராகையால் வில்லியம்ஸே அவருக்குப் பாதுகாவலராகவும் இருந்தார். 1944 இல் அக்குழு, பின்னர் உலகப்புகழ் பெற்ற மங்கின் ‘றவுண்ட் மிட்நைட்’ என்னும் ஆக்கத்தை முதன்முதலாக இசைத்தட்டிற் பதிந்தது.

பீபொப் இசை மிகுந்த விரைவுடையது. சாக்ஸபோன் வாசித்த சார்லி பார்க்கரும் ட்ரம்பெட் ஊதிய டிசி கில்லெஸ்பியும் மூச்சுவிடும் இடங்கூடத் தெரியாத நீண்ட சுரவரிசைகளைப் பொழிந்தனர். அவ்விரைவிற் பியானோவில் வலது கை அவ்வாறு பேசவேண்டுமாயின், இடது கை பழைய நடையிற் பாய்ந்துகொண்டிருத்தல் இயலாது. இயன்றாலும் பாட்டின் போக்குக்கு அது தடையாகவே அமையும். அன்றியும், மந்தர சுரத்தைப் பேஸ் வாத்தியக்காரர் ஏற்றுக்கொண்டார். தாளத்தை முழவுக்காரர் ஏற்றுக்கொண்டார். எனவே இடது கையின் சுமையிற் பெரும்பகுதி பிறர் தோளுக்கு மாறிவிட்டது. எஞ்சியது யாது என்பதைப் பவெல் ஆராய்ந்து கண்டார்.

அவர் கண்டதை நம் சுரப்பெயர்களாலேயே விளக்கலாம். சங்கராபரண சுரங்களைக் கொள்வோம். மேனாட்டு இசையில் அடிக்கடி வரும் ஒரு முடிப்பில் மூன்று சுரக்கூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாய் வரும். முதலாவது ரி, ம, த, ஸ. இரண்டாவது ப, நி, ரி, ம. மூன்றாவது ஸ, க, ப, நி. பன்னிரண்டு தொடுகைகள். பவெல் கையாண்ட முறையில் முதலாவதற்கு ரிஷபமும் மேல் ஸட்ஜமும், இரண்டாவதற்குப் பஞ்சமமும் நிஷாதமும், மூன்றாவதற்கு ஸட்ஜமும் நிஷாதமும் போதும். பன்னிரண்டு ஆறாய்க் குறைந்தது. இனி, மேலே நிற்கும் சுரத்தை மாத்திரம் உற்றுக் கவனிப்போமாயின், மேல் ஸட்ஜம் அரைச்சுரம் இறங்கி நிஷாதமாகிறது. பின்னர் அந்நிஷாதம் அசையாது நிற்கிறது. கை ஏறத்தாழ ஓரிடத்திலேயே இருக்க, இசை மட்டும் நகர்ந்து வீடு சேருகிறது.

விடுபட்ட சுரங்களால் நட்டம் இல்லையோ என்று வாசகர் வினவலாம். ஒவ்வொரு கூட்டிலும் அடிச்சுரத்துக்கு ஐந்தாவதாய் நிற்பது முதலில் விடத்தக்கது. ஒரு தந்தியை மீட்டினால் அதன் ஆதார சுரத்தோடு பஞ்சமமும் மெலிதாய் உடனொலிக்கும் என்பது தம்பூரா பழகியோர் அறிந்ததே. மேலும், மகிழ்ச்சி தோன்றும் கூட்டுக்கும் சோகம் தோன்றும் கூட்டுக்கும் பெரும்பாலும் அவ்வைந்தாவது பொதுவாகையால் அதனால் வேறுபாடு புலப்படுவதில்லை. வேறுபாட்டைக் காட்டுவன மூன்றாவதும் ஏழாவதுமேயாம். அவற்றுள் ஒன்றை இடது கை தொட்டால் மற்றதை வலது கையின் பாட்டு உணர்த்திவிடும். பியானோவின் கீழ்ப்பகுதியில் நெருங்கிய சுரங்கள் பலவற்றை ஒருங்கே தொட்டால் ஒலி கலங்கிச் சேறாகும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. இம்முறையை இன்று ‘ஷெல்’ என்கின்றனர். ஓடு என்பது அதன் பொருள். பவெல் அவ்வோட்டை அடிதோறும் ஒலிக்கவுமில்லை. வலது கை ஒரு வாக்கியத்தை முடித்து மூச்சுவாங்கும் இடத்தில், எதிர்பாரா வேளையில், ஒரு குத்தாய் அது வந்து விழும்.

இதனைப் புரிந்துகொள்ளாதோர் பவெலுக்கு இடது கையே இல்லை என்றனர். ஆர்ட் டேட்டமே ஒருமுறை அவ்வாறு எள்ளியதாகவும், அதற்கு விடையாகப் பவெல் மேடையில் ஒரு பாட்டு முழுவதையும் இடது கையால் மாத்திரம் அதிவேகமாய் வாசித்துக் காட்டியதாகவும் இசைஞரிடையே ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், 1949 முதலாகப் பவெல் பதிந்த மெதுநடைப் பாடல்களைக் கேட்போர்க்கு ஐயம் எழ இடமில்லை. வேண்டிய இடத்து டேட்டத்தின் செழுமை அவ்விடது கையிலும் இருந்தது. வேண்டாத இடத்து அதனை அடக்கிக்கொள்ளவும் அவர் அறிந்திருந்தார்.

இத்துணை ஆற்றல் வாய்ந்தவரின் வாழ்வு இருபதாம் வயதிலேயே முறிந்தது. 1945 ஜனவரியிற் பிலடெல்பியா நகரிற் பொலிஸார் அவரைத் தலையில் அடித்தனர். அன்று தொடங்கிய தலைவலியும் மனத்தளர்ச்சியும் அவரை விட்டகலவில்லை. மனநோய் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். 1947 நவம்பரில் மதுச்சாலைச் சச்சரவு ஒன்றில் மீண்டும் தலையிற் காயமுற்றார். அதனைத் தொடர்ந்து கிரீட்மோர் மனநோய் வைத்தியசாலையில் ஏறத்தாழ பதினொரு மாதம் வைக்கப்பட்டார். ஆங்கு அவருக்கு மின்னதிர்ச்சிச் சிகிச்சையும் அளிக்கப்பட்டது. அக்காலத்தில் அச்சிகிச்சை நோயாளியின் ஞாபகத்தை எவ்வளவு சிதைக்கும் என்பதை இன்று நாம் அறிவோம்.

ஆயினும், அவருடைய தலைசிறந்த பதிவுகள் அக்காயங்களுக்குப் பின்னரே தோன்றின. என் உள்ளத்தை மிகவும் வருத்துவதும் வியப்பிலாழ்த்துவதும் இதுவே. 1949 இல் தம் மகளின் பெயரால் ‘சீலியா’ என்னும் ஆக்கத்தைப் பதிந்தார். அதே ஆண்டு ஓகஸ்டில் ஃபற்ஸ் நவாரோ, இளைஞராயிருந்த சொனி றொலின்ஸ் ஆகியோருடன் புளூ நோட் நிறுவனத்துக்காக வாசித்தார். 1951 மே முதலாந் திகதி, முழவுக்காரர் மாக்ஸ் ரோச்சும் பேஸ் வாத்தியக்காரர் கேளி றஸலும் துணைநிற்க, ‘உன் போக்கோ லோக்கோ’ என்னும் ஆக்கத்தை மூன்று முறை வாசித்துப் பதிந்தார். சிறிது பித்து என்பது அதன் ஸ்பானியப் பொருள். பித்தர் என்று உலகம் ஒதுக்கிய ஒருவர் தாமே அப்பெயரைச் சூட்டினார். அம்மூன்று பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒழுங்கைத் தேடி அடையும் ஒரு மனத்தின் உழைப்பு நம் செவிக்கு எட்டுகிறது.

அதே 1951 இற் போதைப்பொருள் தொடர்பாக மங்கும் பவெலும் கைதாயினர். நண்பருக்கு எதிராய் வாய்திறக்க மங்க் மறுத்தார். சிறை சென்றதோடு, நியூயோர்க்கின் மதுவிற்கும் இசைக்கூடங்களில் வாசிக்கும் உரிமத்தையும் 1957 வரை இழந்தார். பவெலோ மீண்டும் வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டு, 1953 இன் தொடக்கத்திலேயே வெளிவந்தார். அவ்வாண்டு மே 15 ஆந் திகதி ரொறன்ரோ மாஸி மண்டபத்திற் பார்க்கர், கில்லெஸ்பி, சார்ள்ஸ் மிங்கஸ், ரோச் ஆகியோருடன் அவர் நிகழ்த்திய கச்சேரி ஜாஸ் வரலாற்றிற் பெயர்பெற்றது. அதே ஆண்டிற் பதிந்த ‘கிளாஸ் என்குளோஷர்’, அதாவது கண்ணாடி அடைப்பு, பிறர் காவலில் ஓர் அறையினுள் வைக்கப்பட்டிருந்த தம் நிலையைக் குறித்தது என்பர். 1956 ஜூன் 26 இல் தம்பி றிச்சி, ட்ரம்பெட் கலைஞர் கிளிஃபர்ட் பிரவுனுடன் வாகன விபத்தில் மாண்டார். துயரின்மேல் துயர் வந்தது.

1959 இற் பவெல் பாரிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார். அந்நகரின் தெருவொன்றைப் பாடும் ஆக்கத்தை அவர் எட்டு ஆண்டுகளுக்கு முன்னரே இயற்றிப் பதிந்திருந்தார் என்பது நினைக்க வியப்பானது. ஆங்கு கெனி கிளார்க், பியேர் மிஷெலோ ஆகியோருடன் மூவர் குழு அமைத்து வாசித்தார். மருந்தும் மதுவும் அவர் விரல்களை மந்தமாக்கின. அக்காலத்தில் பிரான்சிஸ் போட்ராஸ் என்னும் இளம் பிரெஞ்சு ரசிகர், அவரைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று பேணினார். காசநோய் கண்டபோதும் அருகிருந்தார். இவ்விருவர் நட்பே 1986 இல் வெளிவந்த ‘றவுண்ட் மிட்நைட்’ திரைப்படத்துக்கு ஊற்றாயிற்று.

1964 ஓகஸ்டில் இருவரும் நியூயோர்க் திரும்பினர். சில வாரங்களின் பின் போட்ராஸ் தனித்தே பாரிஸ் மீண்டார். பவெல் பிறந்த மண்ணிலேயே தங்கிவிட்டார். 1966 ஜூலை 31 ஆந் திகதி, புறூக்ளினில், காசநோயும் மதுவும் போஷாக்கின்மையும் சேர்ந்து அவர் உயிரைக் கவர்ந்தன. வயது நாற்பத்தொன்று. ஹார்லெம் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் நின்று இறுதி ஊர்வலத்தைக் கண்டனர்.

பவெலுக்குப் பின்வந்த ஜாஸ் பியானோக் கலைஞருள் அவரது இடது கையைக் கற்காதார் அரியர். பரி ஹரிஸ் என்னும் கலைஞர், 2021 இல் மறையும்வரை அவ்விசை மொழியை மாணவர்க்குப் போதித்துவந்தார். இன்று உலகெங்கும் ஜாஸ் பியானோ பழகத் தொடங்குவோர்க்கு முதலிற் கற்பிக்கப்படும் எளிய பாடம் இந்த இரு சுரங்களே. தொடங்குவோர்க்கு எளிதாயிருப்பது, ஒரு மேதை எல்லாவற்றையும் கற்றுணர்ந்தபின் துணிந்து களைந்ததன் எச்சம் என்பதை ஆசிரியராகிய நாம் அவர்களுக்குச் சொல்லவேண்டும்.

நான் கடிந்த மாணவனை அதன்பின் காணவில்லை. இப்போது யாரேனும் என் முன் இரண்டு சுரங்களோடு வாசித்தால், எஞ்சிய சுரங்கள் எங்கே என்று நான் கேட்பதில்லை. எந்த இரண்டைத் தெரிந்தாய், ஏன் அவற்றைத் தெரிந்தாய் என்று கேட்கிறேன். விடை வரும்வரை பொறுத்திருக்கிறேன்.