இழுத்தால் வலுக்கும் இழை: நைலான் தந்த வாலஸ் கரோதர்ஸ்

கோலாலம்பூர் கோபுரத்திலிருந்து வான்குடையுடன் குதிக்கும் வீரர்களை நேரிலோ தொலைக்காட்சியிலோ நம்மில் பலர் பார்த்திருப்போம். நம் கண் போவதெல்லாம் விரிந்து நிற்கும் வண்ணத் துணியின் மேல்தான். ஆனால், வீரரின் உயிர் தொங்குவது அந்தத் துணியையும் அவர் உடலையும் இணைக்கும் மெல்லிய கயிறுகளில். பார்வைக்குச் சாதாரணமாகத் தெரியும் அந்தக் கயிறுகளில் சில வகை, பயன்படுத்தப் பயன்படுத்தச் சுருங்குகின்றன. ஏன் சுருங்குகின்றன? அதற்கான விடையைத் தேடினால், 1930ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றில் இழுக்கப்பட்ட ஒரு நூலில் போய் நிற்போம். அந்த ஆய்வுக் குழுவின் தலைவர்தான் வாலஸ் ஹியூம் கரோதர்ஸ்.

கரோதர்ஸ் 1896 ஏப்ரல் 27ஆம் நாள் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிறந்தார். நான்கு பிள்ளைகளில் மூத்தவர். தந்தை ஒரு வணிகக் கல்லூரியில் ஆசிரியர் என்பதால், மகனும் முதலில் அங்கேயே கணக்கியல் படித்தார். ஆனால் மனம் அறிவியலை நாடியது. 1915இல் மிசூரி மாநிலத்தின் டார்கியோ கல்லூரியில் சேர்ந்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் அங்கு வேதியியல் கற்பிக்க ஆள் இல்லாமல் போனது. மாணவராக இருந்த கரோதர்ஸே மற்ற மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். பின்னர் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1924இல் முனைவர் பட்டம் பெற்று, ஹார்வர்டில் விரிவுரையாளரானார்.

1928இல் டூபான்ட் நிறுவனம் அவரைத் தன் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்தது. அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. தமக்கு அவ்வப்போது கடுமையான மனச்சோர்வு வருவதுண்டு என்பதை மறைக்காமல் நிறுவனத்திடம் எழுதித் தெரிவித்தார். நிறுவனம் அதையும் ஏற்று அவரை வற்புறுத்தி அழைத்துக்கொண்டது.

அக்காலத்தில் வேதியியலில் ஒரு பெரிய விவாதம் நடந்துகொண்டிருந்தது. பட்டும் ரப்பரும் எதனால் ஆனவை? சிறு மூலக்கூறுகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டவை என்று பலர் கருதினர். ஆயிரக்கணக்கான அணுக்கள் கைகோத்த நீண்ட சங்கிலிகள் என்றார் ஜெர்மனியின் ஹெர்மன் ஸ்டாடிங்கர். கரோதர்ஸ் வாதத்தில் இறங்கவில்லை. அப்படிப்பட்ட சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகத் தாமே கட்டிக் காட்டுவது என முடிவு செய்தார். படிவம் 5 வேதியியலில் நாம் படிக்கும் பாலிமர் பாடத்தின் அடிப்படை இந்த வேலைதான்.

1930 ஏப்ரல் மாதம் அவர் குழுவுக்கு இரட்டை வெற்றி கிடைத்தது. முதலாவது, நியோபிரின் என்னும் செயற்கை ரப்பர். மலாயாவின் தமிழர்கள் பால் மரம் வெட்டிப் பிழைத்த காலம் அது. உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை விழுந்து, தோட்டப் பாட்டாளிகள் பல்லாயிரம் பேர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்த வீழ்ச்சிக்கு நியோபிரின் காரணமல்ல. ஆனால் மரமே இல்லாமல் ரப்பர் போன்ற ஒரு பொருளைச் செய்ய முடியும் என்ற செய்தி, ரப்பரை நம்பிய நாட்டுக்குச் சிறிய செய்தியாக இருந்திருக்க முடியாது.

இரண்டாவது வெற்றி ஒரு நூல். அமிலத்தையும் ஆல்கஹாலையும் இணைத்துச் சங்கிலி கட்டும்போது நீர் வெளியாகும். அந்த நீர் அங்கேயே தங்கினால் சங்கிலி வளராது. கரோதர்ஸ் குழு தனிக் கருவி அமைத்து அந்த நீரை வெளியேற்றியது. மூலக்கூறு எடை 10,000ஐத் தாண்டியது. அவரது உதவியாளர் ஜூலியன் ஹில், உருகிய அந்தப் பாலியெஸ்டரில் குச்சியை விட்டு எடுத்தபோது நூல் நூலாக வந்தது. ஆறிய நூலை மேலும் இழுத்தார். அறுந்துபோகும் என்று பார்த்தால், பல மடங்கு நீண்டு, பட்டுபோல் மின்னி, முன்பைவிட உறுதியானது.

இதை நாமும் ஓரளவு செய்து பார்க்கலாம். மெல்லிய பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு பட்டையை வெட்டி மெதுவாக இழுங்கள். முதலில் எளிதாக நீளும். பிறகு ஓரிடத்தில் மெலிந்து, அதற்கு மேல் வர மறுக்கும். தாறுமாறாகச் சுருண்டு கிடந்த சங்கிலிகள் இழுத்த திசையில் வரிசையாகப் படுத்துவிட்டன என்பதே காரணம். அந்த வரிசைதான் இழையின் வலிமை.

ஆனால் அந்த முதல் பாலியெஸ்டர் கொதிநீரின் சூட்டுக்கு முன்பே உருகிவிடும். துணிக்கு உதவாது. சில ஆண்டுகள் கழித்துக் கரோதர்ஸ் வேறு சேர்மங்களை எடுத்தார். 1935 பிப்ரவரி 28இல் நைலான் 6,6 உருவானது. இணையும் இரு பொருள்களிலும் 6 கார்பன் அணுக்கள் இருப்பதால் அந்தப் பெயர். அது உருகுவதற்குச் சுமார் 260 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை.

வெற்றி வந்தும் மனச்சோர்வு விலகவில்லை. அவர் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார். 1936இல் திருமணம் நடந்தது. அதே ஆண்டு அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1937 ஜனவரியில் அன்புத் தங்கை இசபெல் இறந்தது அவரை நொறுக்கியது. தாம் எதையும் சாதிக்கவில்லை என்றே அவர் நம்பினார். ஏப்ரல் 29ஆம் நாள், 41வது பிறந்தநாள் முடிந்து இரண்டே நாளில், தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மகள் ஜேன் பிறந்தது அதே ஆண்டு நவம்பரில். நைலான் என்ற பெயரை உலகம் கேட்டது 1938இல். இரண்டையும் அவர் அறியவில்லை.

பிறகு நடந்தது வரலாறு. ஜப்பானியப் பட்டு நின்றுபோன போர்க் காலத்தில் வான்குடைகள் நைலானுக்கு மாறின. 1942இல் அடலைன் கிரே என்ற இளம்பெண் நைலான் வான்குடையுடன் குதித்துப் பத்திரமாகத் தரையிறங்கினார். கரோதர்ஸ் விட்ட இடத்திலிருந்து இங்கிலாந்தின் வின்ஃபீல்ட், டிக்சன் இருவரும் வெப்பம் தாங்கும் பாலியெஸ்டரைக் கண்டார்கள். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைக் கடைகளில் அடுக்கியிருக்கும் பாலியெஸ்டர் சேலைகளும், டேக்ரான் என்ற வான்குடைக் கயிறும் அந்த வழி வந்தவை.

இப்போது சுருக்கத்துக்கு வருவோம். செயற்கை இழைச் சேலையில் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். வெப்பம் பட்டதும், இழுத்து வரிசைப்படுத்திய சங்கிலிகள் பழையபடி சுருளப் பார்க்கும். துணி சுருங்கிவிடும். வான்குடைக் கயிற்றிலும் இதுவே நடக்கிறது. குடை ஒரேயடியாக விரிந்து வீரரை உலுக்காமல் இருக்க, நான்கு மூலையிலும் உலோக வளையம் கொண்ட ஒரு செவ்வகத் துணி கயிறுகளின் வழியே வேகமாகக் கீழே வழுக்கி இறங்கும். வளையம் உரசும் இடத்தில் சூடு பிறக்கும். இன்று பரவலாக உள்ள ஸ்பெக்ட்ரா வகைக் கயிறு பாலிஎத்திலீனால் ஆனது. 150 பாகை செல்சியஸை ஒட்டியே உருகிவிடும். ஆகவே ஒவ்வொரு குதிப்பிலும் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது.

எல்லாக் கயிறுகளும் ஒரே அளவில் சுருங்கினால் பெரிய தொல்லை இல்லை. வளையம் அதிகம் அழுத்தும் ஓரக் கயிறுகளும், திசை திருப்பும் பிரேக் கயிறுகளும்தான் கூடுதலாகச் சுருங்குகின்றன. பிரேக் கயிறு குட்டையானால், வீரர் இழுக்காமலேயே குடையின் பின்பகுதி கீழே இழுபட்டு நிற்கும். குடை விரியும் விதமும் தரையிறங்கும் விதமும் மாறிவிடும். வெக்ட்ரான் போன்ற கயிறுகள் அவ்வளவாகச் சுருங்குவதில்லை. ஆனால் தேய்ந்து அறுந்துபோகக்கூடும். டேக்ரான் தடிமனானது, சற்று மீள்தன்மை உள்ளது. அதனால் புதிதாகப் பழகுவோரின் குடைகளில் அதிகம் காணலாம்.

அனுபவமுள்ள வீரர்கள் கயிற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு நம்புவதில்லை. அளவு நாடாவை வைத்து அளந்து, புதிதாக இருந்தபோது இருந்த நீளத்துடன் ஒப்பிடுகிறார்கள். வித்தியாசம் கூடினால், அறும்வரை காத்திராமல் மாற்றிவிடுகிறார்கள்.

மனிதர்களை அப்படி அளக்க நாடா இல்லை. கரோதர்ஸ் வெளிப்படையாகப் பேசியும், இன்றுள்ள மருந்துகளும் சிகிச்சைகளும் அன்று இல்லை. இன்று இருக்கின்றன. தேர்வு, வேலை, குடும்பம் என்று எல்லாப் பக்கமும் இழுபடும் நண்பர் ஒருவர் திடீரென்று ஒதுங்கிப் போனால், நலமா என்று ஒரு முறைக்கு இரு முறை கேளுங்கள். அந்த நிலையில் நீங்களே இருந்தால், நம்பும் ஒருவரிடமோ பல்கலைக்கழக ஆலோசகரிடமோ கிள்ளான் பள்ளத்தாக்கில் இயங்கும் பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பிடமோ பேசுங்கள். தம்மைத் தோல்வி என்று எண்ணிய கரோதர்ஸின் நைலான், அவர் இறந்து ஐந்தே ஆண்டுகளில் வானிலிருந்து குதித்த ஒருவரைப் பத்திரமாகத் தரைசேர்த்தது.